சைலன்சர் மாற்றினால் பைக்கின் சக்தி கூடுமா? சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

பறிமுதல் செய்த சைலன்சர்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, மேலே ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் படம் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் இந்திய நகரத்திலிருந்து வந்துவிடுகிறது. படத்துக்குக் கீழே நடக்கும் சண்டையும் மாறுவதில்லை. தூக்கம் போகிறது, குழந்தை பதறுகிறது என்று ஒரு கட்சி. சத்தத்துக்காக மாட்டவில்லை, பவருக்காக மாட்டினோம் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சியின் புகாரை டெசிபல் மீட்டரை வைத்துச் சோதித்துவிடலாம். இரண்டாவது கட்சி சொல்வதுதான் கொஞ்சம் சிக்கலானது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை எந்த வண்டிக்கு, எந்த வேகத்தில், எவ்வளவு என்று கேட்டால் பதில் பெரும்பாலும் வருவதில்லை. அந்தக் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்க்கலாம்.

முதலில் பெயர்கள்

நம் ஊரில் என்ஜினிலிருந்து புகை வெளியேறும் பாதை முழுவதையுமே சைலன்சர் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அதில் நான்கு உறுப்புகள் உண்டு.

1. பெண்ட் பைப். சிலிண்டரிலிருந்து வளைந்து இறங்கும் குழாய்.
2. ஓ2 சென்சார். பெண்ட் பைப்பில் திருகி வைத்த சிறு உணரி. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, வண்டியின் கணினிப் பெட்டியான ஈசியுவுக்குச் சொல்லும்.
3. கேட்டலிடிக் கன்வர்ட்டர், சுருக்கமாக கேட். தேன்கூடு போன்ற கட்டமைப்பு. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு இருக்கும். நச்சு வாயுக்களை மாற்றுவது இதன் வேலை. சில வண்டிகளில் பெண்ட் பைப்பிலும், சிலவற்றில் சைலன்சரின் வயிற்றுக்குள்ளும் இருக்கும்.
4. மஃப்ளர். சத்தத்தை அடக்கும் அந்தப் பெரிய உருளை. கண்டிப்பாகச் சொன்னால் இதுதான் சைலன்சர்.

கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். மஃப்ளரை மட்டும் மாற்றுவது ஸ்லிப் ஆன். பெண்ட் பைப் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம். சக்தி பற்றிய பேச்சில் இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி வாதம் முடிவே இல்லாமல் போகிறது.

மஃப்ளரிலும் இரண்டு வகை. கம்பெனி மஃப்ளருக்குள் தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். புகை ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பித் திரும்பிப் போகும்போது சத்த அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். வெளியில் விற்பதில் பெரும்பாலானவை நேர்ப்பாதை. நடுவில் ஓட்டை ஓட்டையான ஒரு குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு, அவ்வளவுதான். பஞ்சு சத்தத்தை உறிஞ்சும். ஆனால் சூட்டில் நாளடைவில் பொரிந்து தூளாகி வெளியே பறந்துவிடும். புதிதாக மாட்டியபோது சுமாராக இருந்த சத்தம் நாளாக நாளாகக் கரகரவென்று ஏறுவதற்குக் காரணம் அதுதான். 'செட் ஆகிவிட்டது' என்று சொல்வார்கள். உள்ளே பஞ்சு காலி.

பேக் பிரஷர் என்ற வதந்தி எங்கிருந்து வந்தது

மெக்கானிக் கடைகளில் இரண்டு வாசகங்களைக் கேட்கலாம். "சைலன்சரைத் திறந்துவிட்டால் வண்டி பறக்கும்." "பேக் பிரஷர் இல்லாவிட்டால் இழுவை போய்விடும்." பேக் பிரஷர் என்றால் வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம், அதாவது எதிரழுத்தம். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்லக் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் வேர் ஒன்று: டூ ஸ்ட்ரோக் வண்டிகள், அதாவது பிஸ்டனின் இரண்டே ஓட்டத்தில் ஒரு சுழற்சி முடியும் பழைய வகை.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் புகை வெளியேறும் வாசலும் புது பெட்ரோல் காற்றுக் கலவை நுழையும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே புகையோடு ஓடிவிடும். இதைத் தடுக்க, 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் குழாயின் வடிவத்தையே ஆயுதமாக்கினார். குழாய் முதலில் புனல்போல் விரியும், பிறகு எதிர்ப்புனலாகச் சுருங்கும். விரியும் பகுதியிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்யும். சுருங்கும் பகுதியிலிருந்து ஒரு தள்ளும் அலை திரும்பி வந்து, தப்பி ஓடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் திணிக்கும். இதுதான் எக்ஸ்பான்ஷன் சேம்பர். 1961-ல் எம்.இசட். ரேஸ் வண்டியின் 125 சிசி என்ஜின் சுமார் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு அது. அதே ஆண்டு அந்த அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி ஓடி சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகி வண்டியில் வென்றார். ஒரு குழாயின் ரகசியத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

நம் சாலைகளில் இதே தத்துவம் 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100 வடிவில் வந்து 1996 வரை விற்பனையில் இருந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன். அந்த வண்டியில் சேம்பர் மாற்றினால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும். வால்பகுதிக் குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் சேம்பருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் போய் வண்டி சோர்ந்துவிடும் என்பதும் உண்மை. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் கையால் கற்ற பாடம் அது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை அப்படியே, நான்கு ஓட்டம் எடுக்கும் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் தப்பு நேர்ந்தது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் எதிரழுத்தம் எந்த வேகத்திலும் நன்மை செய்யாது. பிஸ்டன் மேலே ஏறிப் புகையை வெளியே தள்ளும்போது எதிரில் அழுத்தம் இருந்தால் அந்த வேலைக்கும் என்ஜின்தான் சக்தி கொடுக்க வேண்டும். அப்படியானால் பெரிய குழாய் மாட்டியவர்கள் 'கீழ் வேகத்தில் இழுவை போச்சு' என்று சொல்வது கற்பனையா? அதுவும் இல்லை. அவர்கள் உணர்வது சரி, சொல்லும் காரணம்தான் வேறு. அங்கே காணாமல் போனது புகை ஓட்டத்தின் வேகமும் அலை வந்து சேரும் நேரமும்.

அலை எப்போது திரும்பி வருகிறது

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்த கணம் சிலிண்டரில் இருந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. சூடான புகையில் ஒலியலை நொடிக்கு 500 முதல் 600 மீட்டர் வேகத்தில் போகும். சாதாரணக் காற்றில் போவதைவிட இது அதிகம். குழாய் திடீரென்று அகலமாகும் இடத்தில், அதாவது மஃப்ளர் தொடங்கும் இடத்திலோ திறந்த முனையிலோ, அந்தத் தள்ளும் அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது.

இன்னொரு பக்கம், ஃபோர் ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்கு ஓவர்லாப் என்று பெயர். உறிஞ்சும் அலை சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போவதோடு, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் சக்தி இது.

கணக்கைச் சுலபமாக்க இப்படி வைத்துக்கொள்வோம். அழுத்த அலையின் உச்சம் பிஸ்டன் அடியில் இருக்கும்போது கிளம்புகிறது. ஓவர்லாப் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது நிகழ்கிறது. இடையே அரைச் சுற்று.

1. என்ஜின் 8,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 8,000 சுற்றில், ஓடினால் அரைச் சுற்றுக்கு 3.75 மில்லி நொடி ஆகும். நொடிக்கு 550 மீட்டர் வேகத்தில் அலை அதற்குள் சுமார் 2.06 மீட்டர் போகும். போக ஒரு பாதி, வர ஒரு பாதி. ஆக, குழாய் நீளம் சுமார் 1.03 மீட்டர் இருந்தால் உறிஞ்சும் அலை சரியான நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும்.

2. அதே குழாயோடு 4,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டுங்கள். இப்போது அரைச் சுற்றுக்கு 7.5 மில்லி நொடி. உறிஞ்சும் அலை பாதி நேரத்திலேயே வந்துவிட்டது. அப்போது ஓவர்லாப் இல்லை. அது மறுபடி குழாயில் ஓடி, முனையில் இன்னொரு முறை குணம் மாறி, தள்ளும் அலையாகத் திரும்புகிறது. அது வந்து சேரும் நேரம் பார்த்தால் சரியாக ஓவர்லாப். வெளியே போக வேண்டிய புகையை உள்ளே தள்ளுகிறது.

ஒரே குழாய் 8,000-ல் உதவுகிறது, 4,000-ல் கெடுக்கிறது. ஃபுல் சிஸ்டம் மாட்டிய வண்டிகளின் டைனோ (சக்தியை அளக்கும் கருவி) வரைபடத்தில் நடு வேகத்தில் ஒரு பள்ளம் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிஜ என்ஜினில் குழாயின் வளைவு, சூடு, வால்வைத் திறந்து மூடும் கேமின் வடிவம் எல்லாம் சேர்ந்து இந்த எண்களை அங்கே இங்கே நகர்த்தும். தத்துவம் மாறாது.

இந்தப் பள்ளம் கம்பெனிகளுக்குத் தெரியாததல்ல. 1980களில் யமஹா தன் எஃப்இசட்ஆர் வரிசை வண்டிகளில் எக்ஸ்அப் என்ற பெயரில் குழாய்க்குள் ஒரு சுழலும் கதவையே வைத்தது. குறிப்பிட்ட வேகங்களில் அந்தக் கதவு பாதி மூடி, கெடுக்கும் அலையின் முனையை மழுக்கும். பல பெரிய வண்டிகளில் இப்போதும் இப்படி ஒரு கதவு இருக்கிறது. ஃபுல் சிஸ்டம் மாட்டும்போது 'தேவையில்லாத பாகம்' என்று கழற்றி வீசப்படுவதும் அநேகமாக அதுவே.

350 சிசி வண்டியில் எவ்வளவு கூடும்?

சென்னையை ஒட்டிய ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சைலன்சர் மாற்றுவதில் இந்த வண்டிக்கு ஒரு தனிப் பரம்பரையே உண்டு. பஞ்சாப், இந்தோரி, ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில் என்று ஊரும் உருவமும் பெயராகிவிட்டன. 2021-ல் வந்த புது கிளாசிக்கின் என்ஜின் 349 சிசி. கம்பெனி தரும் எண்: 6,100 ஆர்.பி.எம்.மில் 20.2 குதிரைத்திறன், 4,000 ஆர்.பி.எம்.மில் 27 நியூட்டன் மீட்டர் டார்க்.

டார்க் என்பது முறுக்கும் விசை. குதிரைத்திறன் என்பது அந்த விசையை எவ்வளவு வேகமாகத் தரமுடிகிறது என்பது. டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். அந்தக் கணக்கில் 4,000-ல் இந்த வண்டி தருவது சுமார் 15 குதிரைத்திறன். 6,100-ல் 20.2 வருகிறது; ஆனால் டார்க் 23.6-க்கு இறங்கிவிடுகிறது.

இப்போது தடையை எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும்?

1. 349 சிசி என்ஜினில் 23.6 நியூட்டன் மீட்டர் டார்க் வர, பிஸ்டன் மேல் சராசரியாகச் செயல்படும் பயனுள்ள அழுத்தம் சுமார் 8.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு).
2. புது சைலன்சர் எதிரழுத்தத்தை 0.2 பார் குறைத்துவிட்டது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.
3. 0.2-ஐ 8.5-ஆல் வகுத்தால் சுமார் 2.4 சதவீதம். 20.2 குதிரைத்திறனில் அது அரைக் குதிரைக்குக் கொஞ்சம் கீழே.

மிச்சப் புகை குறைவதால் இன்னும் கொஞ்சம் சேரலாம். ஆனால் இதுவும் 6,100 ஆர்.பி.எம்.மில், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால்தான். ஒரு குழாயின் தடை புகை ஓட்டத்தின் வர்க்கமாக ஏறும். ஓட்டம் பாதியானால் தடை நாலில் ஒன்றாகும். வேளச்சேரி சிக்னலிலிருந்து தாம்பரம் வரை 2,500-க்கும் 3,500-க்கும் இடையில் கால்வாசி ஆக்சிலேட்டரில் உருட்டும்போது கம்பெனி சைலன்சர் அந்த என்ஜினைப் பிடித்து இழுத்துக்கொண்டே இல்லை. பிடிக்காத கையை விலக்கி என்ன லாபம்?

இதே கேள்வியை 1,000 சிசி சூப்பர் பைக்குக்குக் கேட்டால் பதில் மாறும். கிளாசிக் 4,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 700 லிட்டர் காற்றை இழுக்கிறது. 1,000 சிசி என்ஜின் 13,000 ஆர்.பி.எம்.மில் இழுப்பது 6,500 லிட்டர். ஓவர்லாப்பும் அதில் அதிகம், அலைக்கு வேலையும் அதிகம். ரேஸ் தடத்தில் என்ஜினை உச்ச வேகத்திலேயே வைத்து ஓட்டுபவருக்கு ஃபுல் சிஸ்டம் அர்த்தமுள்ள செலவுதான். அங்கேயும் ஸ்லிப் ஆன் மட்டும் மாட்டினால் ஓரிரு சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். குழாய், ஏர் ஃபில்டர், ஈசியு மேப் (ஈசியுவில் எழுதிவைத்த பெட்ரோல் அட்டவணை) மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி மாறும்போதுதான் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் உயர்வு வரும்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியத்துக்கு 4.5. கிளாசிக் 195 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்றால் மொத்தம் 270. அதில் எட்டு கிலோ குறைந்தால் மூன்று சதவீதச் சக்தி கூடியதற்குச் சமமான வேகப் பிடிப்பு கிடைக்கும். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைப்பது டைட்டானியம் இல்லை, டைட்டானியம் நிறம் பூசிய இரும்பு.

பெட்ரோல் கணக்கு குழம்பும்போது

சரி, தடை குறைந்து காற்று கூடுதலாக உள்ளே வந்தது. அதற்கேற்ற பெட்ரோலை யார் ஊற்றுவது? பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றுவார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற மாசு விதி வந்ததிலிருந்து பைக்குகளில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான் வழக்கம், முடிவு ஈசியு கையில்.

இயல்பாக ஓட்டும்போது ஈசியு ஓ2 சென்சாரைக் கேட்டுக் கேட்டு, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கேட் சரியாக வேலை செய்ய இந்த விகிதம் தேவை. குழாய் மாறியதால் வரும் சிறு வித்தியாசத்தை இந்த நிலையில் அது தானே சமாளித்துவிடும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது பெரும்பாலான வண்டிகளில் நிலைமை வேறு. அப்போது சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றும். அதிகச் சக்திக்கு 12.5 முதல் 13 வரையிலான விகிதம் வேண்டும். அட்டவணை பழைய சைலன்சருக்கு எழுதப்பட்டது. வரும் காற்றோ புதுக் குழாய்க்கு ஏற்றது. விளைவு, கலவை லீன் ஆகிறது. பெட்ரோல் பற்றாமல் போகிறது. கூடியிருக்க வேண்டிய சக்தி அங்கேயே கரைந்துபோகும்.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை:

1. ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று பட்டாசு வெடிப்பது. எரியாத பெட்ரோல் சூடான குழாயில் காற்றோடு சேர்ந்து பற்றுகிறது. கலவை லீன் ஆகி, பற்றாமல் மிஸ் ஆனாலும் வரும், பெண்ட் பைப் மூட்டில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று உள்ளே போனாலும் வரும். இதைக் 'கெத்து' என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

2. மைலேஜ் திடீரென்று இறங்குவது. ஓ2 சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்றின் ஆக்சிஜனையும் சென்சார் எண்ணிவிடும். கலவை லீனாக இருக்கிறது என்று ஈசியு நம்பி, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். இதற்கு மருந்து ஈசியு ரீமேப் இல்லை, சில ரூபாய் கேஸ்கெட்.

3. ஓ2 சென்சாருக்கு இடமே இல்லாத பெண்ட் பைப். சில கடைகளில் சென்சாரைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் கட்டிவைத்துவிடுவார்கள். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதை அணைக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகுவார்கள். இப்படி ஈசியுவின் கண்ணைக் கட்டிவிட்ட பிறகு, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

4. பெண்ட் பைப் சீக்கிரமே நீலம் பாய்வது. ஒற்றைச் சுவர் குழாயில் இது சாதாரணமாகவும் நடக்கும். ஆனால் தொடர்ந்து லீனாக ஓடும் என்ஜினிலும் நடக்கும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தச் சூடு நல்லதல்ல.

டைனோ தாளை எப்படிப் படிப்பது

'மூன்று குதிரை கூடும்' என்று டைனோ வரைபடத்தைக் காட்டி விற்பார்கள். டைனோ என்பது பின் சக்கரத்தை உருளை மேல் வைத்துச் சுழற்றிச் சக்தியை அளக்கும் கருவி. அது பொய் சொல்லாது, ஆனால் அதைச் சொல்ல வைக்க முடியும்.

கம்பெனி தரும் எண் என்ஜின் கிராங்கில் அளந்தது. டைனோ எண் சக்கரத்தில் அளந்தது. வழியில் செயினும் கியரும் பத்துப் பதினைந்து சதவீதம் தின்றிருக்கும். ஆகவே இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. அப்புறம் வானிலைத் திருத்தம். வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதத்துக்கு ஏற்ப முடிவைத் திருத்த எஸ்டிடி என்றும் எஸ்ஏஇ என்றும் இரண்டு முறைகள் உண்டு. ஒரே வண்டி, ஒரே ஓட்டம், எதையுமே மாற்றவில்லை. எஸ்டிடி முறையில் எண் ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடுதலாக வரும். மேலே 350-க்குப் போட்ட கணக்கில் சைலன்சர் தந்ததைவிட இது அதிகம்.

வானிலையே பெரிய ஏமாற்றுக்காரன். காலை 25 டிகிரிக்கும் மதியம் 35 டிகிரிக்கும் இடையில் காற்றின் அடர்த்தி மூன்று சதவீதத்துக்கு மேல் குறைகிறது. மதியம் பழைய சைலன்சரோடு ஓட்டிவிட்டு, மறுநாள் விடியற்காலை புதிதோடு இ.சி.ஆர். சாலையில் ஓட்டிப் பார்த்து "சும்மா பறக்குது" என்பவரிடம், பறக்க வைத்தது காற்று என்று சொன்னால் நம்பமாட்டார்.

எனவே தாளில் பார்க்க வேண்டியது உச்சி எண்ணை இல்லை, இரண்டு கோடுகளையும் முழு நீளத்துக்கு. நீங்கள் அன்றாடம் ஓட்டும் ஆர்.பி.எம். பகுதியில் புதுக்கோடு பழையதற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? விளம்பரத் தாள்கள் பல 4,000-க்குக் கீழே கோட்டையே காட்டுவதில்லை.

அப்படியானால் வேகமாகப் போவதுபோல் தோன்றுவது?

ஒரு சைலன்சர் ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது காற்றில் விடும் ஒலிச்சக்தி ஏறக்குறைய ஒரு வாட்தான். ஒரு குதிரைத்திறன் 746 வாட். சத்தத்துக்கும் என்ஜின் சக்திக்கும் உள்ள அளவு வித்தியாசம் இவ்வளவு. ஆனால் நம் காது மடக்கை அளவில் கேட்கிறது: 10 டெசிபல் கூடினால் சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்றும், 20 கூடினால் நான்கு மடங்கு. உடலில் வேகத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. காது, அதிர்வு, முகத்தில் படும் காற்று ஆகியவற்றை வைத்துத்தான் மூளை ஊகிக்கிறது. அதில் ஒன்றைத் திருகி ஏற்றிவிட்டால் ஊகமும் ஏறும். இதில் ஏமாந்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; எல்லா மனிதர்களுக்கும் காது அப்படித்தான்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் சத்த வரம்புக்குள்ளேயே 'தம்தம்' என்ற அடிக்குரல் வரும்படி மஃப்ளரை மெனக்கெட்டு வடிவமைக்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 120, ஒவ்வொரு வண்டியிலும் புகையின் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, கம்பெனி குறித்துத் தந்த விவரங்களிலிருந்து வண்டி விலகும்படி மாற்றக்கூடாது என்கிறது. சத்தம், காற்று மாசு வரம்புகளை மீறிய வண்டியை ஓட்டினால் பிரிவு 190(2). 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதத் தகுதியிழப்பு.

சத்தம்தான் செய்தியாகிறது. கேட்டைக் கழற்றுவது அமைதியாக நடக்கும் பெரிய சேதம். பிஎஸ் 6 வரம்பு கிலோமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு 1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம். கேட் இல்லாமல் அதைத் தொடவே முடியாது. ஸ்லிப் ஆன் வாங்குமுன் உங்கள் வண்டியின் கேட் பெண்ட் பைப்பில் இருக்கிறதா, மஃப்ளருக்குள் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. மஃப்ளருக்குள் இருந்தால், மாட்டிய அன்றே வண்டி பிஎஸ் 6 இல்லை.

வீட்டிலேயே சோதிக்க

டைனோ இல்லாமலும் ஓரளவு நேர்மையாகச் சோதிக்க வழி உண்டு. கேட்டும் ஓ2 சென்சாரும் இடத்திலேயே இருக்கும் வண்டிக்கு, ஆள் நடமாட்டமில்லாத தனியார் இடத்திலோ ரேஸ் தடத்திலோ மட்டும் இதைச் செய்யலாம்.

1. ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள், பழையதும் புதியதும் இரண்டையும் மாட்டிப் பாருங்கள். டேங்க் அளவும் டயர் காற்றும் மாறக்கூடாது.
2. நான்காவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் நிதானமாகப் போய், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி 70 வரை விடுங்கள். கிளட்ச், கியர் தொட வேண்டாம்.
3. போகும் திசையில் மூன்று முறை, எதிர்த்திசையில் மூன்று முறை. காற்றும் சரிவும் கழிந்துவிடும்.
4. ஸ்பீடோமீட்டரைச் செல்போனில் வீடியோ எடுங்கள். நொடிக்கு 30 சட்டங்கள் என்றால், 40-ஐத் தாண்டியதிலிருந்து 70-ஐத் தொடும்வரை சட்டங்களை எண்ணினால் நேரம் வந்துவிடும்.
5. வீடியோவை எண்ணும்போது சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள்.

ஒரே சைலன்சரில் எடுத்த ஆறு ஓட்டங்களுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சைலன்சர்களுக்கும் இடையிலான வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது சைலன்சர் தந்தது. சோதனை முடிந்ததும், முடிவு எதுவானாலும், கம்பெனி சைலன்சரைத் துடைத்துச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். போட்டுவிட்டால், 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது, அதைத் தேடி அலைய நேரும்.